இறக்கைக்குக் கஞ்சி போட்ட வருஷம்

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களே, சின்ன வயதில் உங்கள் வீட்டுப் பின்பக்கம் என்ன கிடந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். துருப்பிடித்த சைக்கிள், கோழிக்கூண்டு, உடைந்த ஆட்டுக்கல், அதிகம் போனால் யாரோ விட்டுப்போன மாட்டுவண்டிச் சக்கரம். எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு விமானம் கிடந்தது. இதைச் சொன்னால் என் மருமகன் பல்லைக் காட்டுகிறான். பொம்மை விமானமா அத்தை என்று கேட்கிறான். பொம்மை இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்து பறக்கிற நிஜ விமானம். ஒரு இறக்கை ஒடிந்து, ஒரு சக்கரம் கழன்று, வயிற்றுத் துணி கிழிந்து வந்து சேர்ந்தது.

அப்போது நான் ஆறாவது முடித்து ஏழாவது போகிற பெண். புதுப்பட்டினத்தில் வீடு. அப்பாவுக்கு அணுமின் நிலையத்தில் ஷிப்ட் வேலை. வீட்டின் பின்வாசலைத் திறந்தால் சவுக்குத் தோப்பு, தோப்பைத் தாண்டினால் கடல். இப்போது அந்த வழியாகக் காரில் போகிறவர்களுக்கு மதில் சுவரும் ஓட்டல் போர்டும்தான் தெரியும். தோப்பு எங்கே இருந்தது என்று எனக்கே சரியாகக் கைகாட்டத் தெரியவில்லை.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, சென்னைப் பக்கம் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற ஒரு கழகத்தில் மெக்கானிக். சித்தியும் அவரும் ஊரப்பாக்கத்தில் குடியிருந்தார்கள். தினமும் ரயிலில் வேலைக்குப் போவார். விமானத்தை அவர் ஒருநாளும் விமானம் என்று சொன்னதில்லை, வண்டி என்பார். யாராவது பிளேன் என்று சொன்னால் அவர்களை ஒரு மாதிரி பார்ப்பார். எங்கள் வகையறாவில் அதுவரை எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அப்பா நிலையத்தில் சேர்ந்ததே பெரிய பேச்சு. சித்தப்பா விமானத்துக்குக் கீழே படுத்து ஸ்குரு முடுக்குகிறார் என்றால் கேட்க வேண்டுமா, திருக்கழுக்குன்றம் வரைக்கும் சொந்தக்காரர்கள் அவரைப் பற்றிப் பேசினார்கள்.

அந்தச் சித்திரையில், கழகத்தில் கற்றுக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் சித்தப்பா பார்த்துக்கொள்கிற வண்டியைத் தனியாக எடுத்துக்கொண்டு கடலோரமாகப் பறந்து வந்தார். மாமல்லபுரம் தாண்டியதும் எஞ்சின் நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் மணலில் இறக்கினார். சக்கரம் புதைந்து வண்டி சாய்ந்ததில் இறக்கையும் ஒடிந்தது, அவருடைய வலது காலும் ஒடிந்தது. விசாரிக்க வந்தவர்கள் பார்த்தபோது தொட்டியில் பெட்ரோல் இருந்தது, ஆனால் எஞ்சினுக்குப் போகிற பெட்ரோலைத் திறந்து மூடுகிற திருகு மூடியிருந்தது. எஞ்சின் நின்ற பிறகு தீப்பிடிக்கக் கூடாதே என்று நான்தான் மூடினேன் என்றார் பைலட். பறக்கும்போதே கை தவறி மூடியிருப்பார், என் வண்டியில் ஒரு குறையும் இல்லை என்றார் சித்தப்பா. யார் சொல்வது நிஜம் என்று உட்கார்ந்து பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சித்தப்பாவும் சித்தியும் இரண்டு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சித்தி அப்போது மூன்று மாதம். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து உண்டானது, அதனால் அம்மா அவளைக் குடம் தூக்கக்கூட விடவில்லை. வண்டி கடற்கரையிலேயே கிடந்தது. கழகத்துக்காரர்கள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, இதைத் தூக்கிக்கொண்டு போகிற செலவுக்குக்கூடத் தேறாது என்று சித்தப்பாவுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மீனவர்கள் இருபது பேர் படகை மேட்டில் ஏற்றுவதுபோல் அடியில் கட்டை போட்டு உருட்டியே தோப்புக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். வால் முதலில் வந்தது. நாங்கள் பிள்ளைகள் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினோம், ஏதோ சாமி ஊர்வலம் போல.

அப்பா அன்றைக்கே கேட்டார், இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய், நிலையத்தில் வெல்டர் வேலை கேட்டு வைக்கட்டுமா என்று. சித்தப்பா வேண்டாம் என்றுவிட்டார். வண்டியைப் பழையபடி ஆக்க வேண்டும், கழகத்துப் பெரிய மெக்கானிக்கை வரவழைத்து அவர் கண்முன்னால் எஞ்சினை ஓட்டிக் காட்ட வேண்டும், குறை வண்டியில் இல்லை என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். அது நடந்தால்தான் மறுபடியும் ஏதாவது ஒரு கழகத்தில் அவரை உள்ளே விடுவார்கள். இல்லையென்றால் இந்த ஜென்மத்தில் வண்டியைத் தொட முடியாது. "பேரு போயிடுச்சிண்ணா. அத்த இங்கேயே கெடந்து தேடணும்" என்றார். அந்த வீட்டில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பள்ளி லீவு முழுக்க நான் அந்தத் தோப்பில்தான் இருந்தேன். உதவி செய்யப் போனேன் என்று நினைக்காதீர்கள், நிழலுக்குப் போனேன். விமானத்தின் வயிற்றுக்குள் உட்கார்ந்து புளியங்காய் தின்றால் அதன் ருசியே வேறு. உள்ளே பெட்ரோலும் பழைய தோலும் கலந்த ஒரு வாசனை. வெயில் ஏறினால் இரும்பு சுடும், கடல்காற்று வந்தால் கிழிந்த துணி படபடவென்று அடிக்கும். முன்னால் இருந்த திசைகாட்டியைச் சித்தப்பா கழற்றி எனக்கு விளையாடக் கொடுத்திருந்தார். கண்ணாடிக்குள் எண்ணெயில் மிதக்கிற ஒரு சின்ன உருண்டை, எப்படித் திருப்பினாலும் வடக்கைப் பார்க்கும். அதை வீடு மாறும்போது தொலைத்துவிட்டேன். அதற்கப்புறம் தொலைத்த எந்த நகைக்கும் நான் அப்படி அழுததில்லை.

சித்தப்பா கழற்றிய ஒவ்வொரு ஸ்குருவையும் பால்பவுடர் டின்னில் போட்டு, டின்மேல் என்னை எழுதச் சொல்வார். என் கையெழுத்து அழகு என்று அவருக்கு எண்ணம். ஒடிந்த இறக்கையின் மர விலா எலும்புகளை ஒவ்வொன்றாக இழைத்துப் பொருத்தினார். இழைக்கிற நேரத்தில் யாராவது பேசினால் பதில் வராது. ஒரு மர விலா ஒரு நூல் அளவு கோணினாலும் பிடுங்கிவிட்டு மறுபடி செய்வார். இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிற மனுஷன்மேலா குறை சொன்னார்கள் என்று அம்மா வயிறெரிவாள். காணாத அந்தப் பைலட்டை எங்கள் வீட்டில் திட்டாத நாளில்லை. நானும் திட்டினேன்.

இறக்கைக்குத் துணி போடுகிற வேலை வந்தது. மர எலும்புக்கூட்டின்மேல் துணியை இழுத்துத் தைத்து, அதன்மேல் ஒரு வார்னிஷ் பூசினால் துணி சுருங்கி மேளம்போல் விறைத்துவிடும். தைக்கிறதற்குப் பக்கத்துத் தெரு வலைக்காரர் வந்தார். இரண்டு தையலைப் பார்த்தார், இது நம்ம முடிச்சுதானே என்று உட்கார்ந்துவிட்டார். வார்னிஷ்தான் கிடைக்கவில்லை. கழகத்தில் இருந்த நண்பர் கொடுத்தனுப்புகிறேன் என்று வாரக்கணக்கில் இழுத்தார். துணியோ காற்றில் தொளதொளவென்று தொங்கிற்று. அம்மா ஒருநாள் இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, புடவைக்குப் போடுகிற கஞ்சியைப் போட்டால் நிற்காதா என்றாள்.

சிரிக்காதீர்கள். நிற்கத்தான் நின்றது. அம்மா ஒரு அண்டா சோறு வடித்துக் கெட்டியாகக் கஞ்சி எடுத்தாள். சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தாள். அம்மாவும் வலைக்காரரின் மனைவியும் வைக்கோல் பிரியால் இறக்கை முழுக்கப் பூசினார்கள். சாயங்காலத்துக்குள் காய்ந்து, தட்டினால் டொக்கென்று சத்தம் வந்தது. சித்தப்பா சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். அம்மா அன்றைக்கு நடந்த நடையைப் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் இறக்கையில் பாதியைக் காணோம். தெருவில் இருந்த ஆறு ஆடுகளும் வந்து கஞ்சியோடு துணியையும் சேர்த்துத் தின்றுவிட்டிருந்தன. கடைசி ஆடு அப்போதும் வாயில் ஒரு கீற்றைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. சித்தப்பா கத்துவார் என்று எல்லோரும் பயந்தோம். அவர் ஆட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மணலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். "இன்னா அண்ணி, ஆட்டுக்கு நாஸ்தா போட்டுட்டியா" என்று கேட்டார். வேலை போன பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். சித்தி சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, அம்மா பயந்துபோய் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

வார்னிஷ் ஆடி மாதத்தில் வந்தது. நகத்துக்குப் பூசுகிற சாயத்தின் வாசனை, தெரு முழுக்க அடித்தது. அதற்குள் எஞ்சினைச் சித்தப்பா தனியாகக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியிருந்தார். வண்டியின் மூக்கில் சுற்றுகிற விசிறி உடையாமல் தப்பியிருந்தது அவர் அதிர்ஷ்டம். சவுக்குக் கிளையில் ஒரு டின்னைத் தொங்கவிட்டு, அதிலிருந்து ரப்பர் குழாய் வழியே பெட்ரோல் விட்டு எஞ்சினை ஓட்டினார். கையால் விசிறியைச் சுண்டிவிட்ட மூன்றாவது தடவை அது பிடித்துக்கொண்டு ஓடியது. சவுக்கு ஊசியெல்லாம் பறந்தது, கோழிகள் தெரு தாண்டி ஓடின. டின் காலியாகிற வரைக்கும் நிற்கவே இல்லை. அப்பாவைக் கூப்பிட்டு, "பாத்தியாண்ணா, என் எஞ்சினு நல்லாத்தான் கீது" என்றார். அவர் கண் கலங்கியிருந்ததை அப்பா பார்க்காததுபோல் இருந்துவிட்டார்.

பெரிய மெக்கானிக்குக்குக் கடிதம் போனது. ஆயுத பூஜை கழித்து வருகிறேன் என்று பதில் வந்தது. ஆயுத பூஜையன்று வண்டிக்குப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, பூசணிக்காய் உடைத்தோம். இப்போது இரண்டு இறக்கையும் மாட்டியாகிவிட்டது. ஒடியாத இறக்கைக்குள்தான் பெட்ரோல் தொட்டி. டின் இல்லாமல் அந்தத் தொட்டியிலிருந்தே ஓட்டிப் பார்க்கிறேன் என்றார் சித்தப்பா. தெருவே கூடியிருந்தது. எஞ்சின் ஜோராகப் பிடித்தது. கொஞ்ச நேரம் நன்றாக ஓடியது, அப்புறம் இருமியது, நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினார், மறுபடி அதேபோல் நின்றது. ஜனங்கள் பொரியை வாங்கிக்கொண்டு கலைந்தார்கள். பைலட் மூடவில்லை, ஒருவரும் மூடவில்லை, எஞ்சின் தானாகவே நிற்கிறது என்று எல்லோருக்கும் புரிந்துதான் போயிற்று, வாய்விட்டுச் சொல்லத்தான் ஆளில்லை.

மறுநாள் காலை நான் பல் தேய்த்துக்கொண்டே தோப்புக்குப் போனபோது சித்தப்பா ஏணிமேல் நின்று தொட்டியின் மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே போகிற சத்தம் எனக்கே கேட்டது. அவர் அப்படியே நின்றார். சமையலறையில் புழங்கியவர்களுக்கு இது தெரியும், எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் இறங்காது, காற்றுக்கு இன்னொரு ஓட்டை போட வேண்டும். விமானத் தொட்டிக்கும் காற்றுக்கென்று விரல் மொத்தத்தில் ஒரு குழாய் உண்டு. சித்தப்பா துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக்கொண்டு வரச் சொன்னார். குழாய்க்குள் விட்டுக் குடைந்தார். காய்ந்த மண் கட்டிகட்டியாக உதிர்ந்தது. மண்ணோடு சுருண்டு காய்ந்த சின்னச் சின்ன சிலந்திகளும் விழுந்தன. குஞ்சுக்குத் தீனியாகக் குளவிதான் சிலந்தியை மண்ணுக்குள் வைத்து மூடும். "குளவிக்கூடு சித்தப்பா" என்றேன். "மண்ணு. வெறும் மண்ணு" என்றார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் வாயைத் திறக்கவில்லை.

குழாய் சுத்தமானதும் எஞ்சின் ஒரு மணி நேரம் ஓடியது. அம்மா ஓடிவந்து திருஷ்டி சுற்றினாள். அப்பா, இனி என்ன, பெரிய மெக்கானிக் வியாழக்கிழமை வருகிறார், உன் பேர் உனக்கு வந்துவிடும் என்று முதுகில் தட்டினார். எல்லோருக்கும் சந்தோஷம். நடுவில் அடைத்திருந்த மண்ணைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பேசாமலே இருந்திருந்தால் வியாழக்கிழமை எல்லாம் அவர் நினைத்தபடி முடிந்திருக்கும். அது பதினோரு வயசில் எனக்கே விளங்கியது.

புதன்கிழமை காலை அவர் அந்த மண்கட்டியை ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். எங்கே என்று சொல்லவில்லை. அவர் முகம் சரியில்லை என்று அம்மா என்னைக் கூட அனுப்பினாள். செங்கல்பட்டில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு தெருவில், ஓட்டு வீடு ஒன்றில், அந்தப் பைலட் இருந்தார். நாங்கள் ஆறு மாதம் திட்டிய ஆள். இருபத்தைந்து வயசுகூட இருக்காது, கதவைத் திறக்கவே ஊன்றுகோலோடு வந்தார். சுவரில் அவருடைய அப்பாவின் படம், மாலை வாடவில்லை.

சித்தப்பா உட்காரவில்லை. காகிதத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தார். "காத்துக் குழாயில அடைச்சிகினு இருந்தது சார். நீங்க மூடுனதால நிக்கல. வண்டி தானா நின்னுச்சி. தப்பு என்னோடது" என்றார்.

பைலட் அந்த மண்ணையே வெகுநேரம் பார்த்தார். ஒரு ஆணி தளர்ந்தாலும் கண்டுபிடிக்கிற ஆள் நீங்கள், இது எப்படி உங்கள் கண்ணுக்குத் தப்பியது என்று கேட்டார்.

"தப்பல சார். குழாய்க்குள்ள கட்டுனது தெரியாது. ஆனா இறக்கைக்கு அடியில குளவி மண்ணு வெச்சிகினு இருந்தத தெனம் பாத்தேன். என் பொண்டாட்டிக்கு அப்பத்தான் நாள் தள்ளிப் போயிருந்தது. எட்டு வருசம் சார். கலைக்க மனசு வரல."

குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை உண்டாகும், கூட்டைக் கலைத்தால் பிள்ளைக்கு ஆகாது என்பதை நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நம் வீடுகளில் மீட்டர் பெட்டிமேல் குளவி கட்டிய மண்ணைத் தொட யாருக்காவது தைரியம் இருந்ததா? வீட்டுச் சுவரில் கட்டியதைத்தான் நாம் விட்டுவைத்தோம். அவருக்கு வண்டியும் வீடுதான்.

பைலட் கோபப்படுவார் என்று நான் சித்தப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவர் குரல் உயரவே இல்லை. "எங்கப்பா போன மாசம்தான் போனாரு. கடைசி வரைக்கும் நான்தான் பறக்கறப்ப மூடிட்டேன்னு நெனச்சுக்கிட்டே போனாரு" என்றார். சித்தப்பா கைகூப்பிக்கொண்டே நின்றார். பைலட்தான் கேட்டார், குழந்தை பிறந்துவிட்டதா என்று. அடுத்த மாசம் என்றார் சித்தப்பா. பைலட் உள்ளே பார்த்து, இவர்களுக்குக் காபி கொண்டுவா அம்மா என்றார். அந்தக் காபியைச் சித்தப்பா குடிக்கவில்லை. நான் இரண்டையும் குடித்தேன்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் என்னை ஓரமாக உட்கார வைத்தார். "வூட்டுல குழாய நான் பாக்கலன்னு சொல்லப்போறேன். குளவிப் பேச்சு உன் வாயிலேருந்து வரக்கூடாது. உன் சித்தி இருக்கற வரைக்கும் வரக்கூடாது." ஏன் என்று கேட்டேன். "பொறக்கறதுக்கு மின்னாடியே ஒருத்தன் கால ஒடிச்சி, அப்பன் வேலைய முழுங்கிச்சின்னு அந்தக் கொழந்தைய ஊரு சொல்லும். உங்கம்மாவே சொல்லும். நான் கவனமில்லாதவன்னு சொல்லிட்டுப் போவட்டும்" என்றார்.

வியாழக்கிழமை வந்த பெரிய மெக்கானிக்கிடம் குழாயில் மண் அடைத்திருந்தது, நான் பார்க்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பைலட்மேல் இருந்த பழி போயிற்று. கால் சரியாகாததால் அவர் மறுபடி பறக்கவில்லை, சென்னையில் ஏதோ அலுவலக வேலைக்குப் போனதாகக் கேள்வி. சித்தப்பா நிலையத்தில் காண்ட்ராக்ட் வெல்டராகச் சேர்ந்து, முதுகு வளைகிற வரைக்கும் அதே வேலை பார்த்தார். வண்டியை அந்த வருஷத்து மழையே தின்றுவிட்டது. கார்த்திகையில் சித்திக்குப் பெண் பிறந்தது.

அப்புறம் சித்தப்பாவுக்கு வீட்டில் ஈர்க்குச்சி என்றே பேராகிவிட்டது. ஒரு ஈர்க்குச்சியை விட்டுப் பார்க்கச் சோம்பேறித்தனம், ஒருத்தன் காலையே எடுத்துவிட்டாயே என்று அம்மா சாகிறவரை சொன்னாள். அவர் ஸ்டவ்வை அணைக்க மறந்தாலும் அதுதான், பால் பொங்கினாலும் அதுதான். எத்தனையோ தடவை என் நாக்கு நுனிவரை வந்தது. சித்தப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்ப்பார், நான் ரசத்தை ஊற்றிக்கொள்வேன்.

சித்தப்பா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. சித்தி இந்தத் தை மாசம் போனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, நானும் தங்கச்சியும், அதாவது அந்தக் கார்த்திகையில் பிறந்தவள், பாத்திரங்களை ஒழித்துக்கொண்டிருந்தோம். அவள் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள், கண்டிப்பான ஆள். அப்பாவோடு அம்மா எப்படித்தான் காலம் தள்ளினாளோ என்று ஆரம்பித்தாள். ப்ளஸ் டூவில் கவனமாகப் படி என்று அவர் சொன்னபோது, கவனத்தைப் பற்றி நீ பேசாதே என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாளாம். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நான் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன். ஈர்க்குச்சி, சிலந்தி, செங்கல்பட்டு, காபி, பஸ் ஸ்டாண்ட், எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவரு மறக்கலியா அக்கா" என்றாள்.

"இல்லடி. பாத்தாரு. உனக்காக வுட்டு வெச்சாரு" என்றேன்.